அறுவைக்கு முன் ஒரு பரிசோதனை

அன்பு மகள் மார்லிஸுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மாடுகன்றுகளும் சுகம். அலாஸ்காவில் நீ சுகமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி மிதமிஞ்சி வேலை செய்கிறது, மாதக் கடைசியில் வெட்டி எடுக்கிறார்கள் என்று போனில் சொன்னாய். பொறு, நம் மாட்டுக்கறியால் இருக்கலாம் என்றதற்கு, "மாட்டுக்கறி தின்னா தைராய்டு வருமாம்மா?" என்று சிரித்தாய். சிரித்தது போதும், இதை முழுக்கப் படி.

எனக்கும் அதேதான் வந்தது. நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், தின்னத் தின்ன இளைப்பு. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் ஏகத்துக்கு இருந்தது. ஆனால் நம் சர்ச்சில் வளர்ந்த பெண், டாக்டர் ஹாகன் இருக்கிறாளே, அவளைப் பெற்றவள் கொடுத்து வைத்தவள். கழுத்தைத் தடவினாள், வீக்கமில்லை. கண்ணைப் பார்த்தாள், பிதுங்கவில்லை. கொஞ்சம் கதிர்வீச்சு அயோடின் மருந்தைக் குடிக்கவைத்து, மறுநாள் கழுத்தில் கருவியை வைத்துப் பார்த்தாள். மிதமிஞ்சி வேலை செய்கிற சுரப்பி அயோடினை இழுத்துக்கொள்ளுமாம், என்னுடையதோ தொடவேயில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஹார்மோன் வெளியிலிருந்து வருகிறது, உடம்பு இளைக்கத் தைராய்டு மாத்திரை போடுகிறீர்களா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றேன், எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு யாராவது என்றால் பொய்க்காரி என்று அனுப்பியிருப்பார்கள். அவள், "உங்கள நம்புறேம்மா. வீட்ல வேற யாருக்குக் கை நடுங்குது?" என்றாள். கூட வந்திருந்த அப்பா தொப்பிக்கடியில் கையை ஒளித்ததைப் பார்த்துவிட்டாள். அப்புறம் நாங்கள் தின்பதையெல்லாம் துருவித் துருவி விசாரித்து, வீட்டில் வெட்டிய மாட்டில் வந்து நின்றாள். உன் அப்பாவைத்தான் தெரியுமே, எதையும் வீணாக்கமாட்டார். கழுத்து இறைச்சியை மூச்சுக்குழாய்வரை சுரண்டி அரைத்ததில் மாட்டின் தைராய்டும் சேர்ந்துவிட்டது. வேகவைத்தாலும் அதன் வீரியம் போகாதாம். தின்பதை நிறுத்தினோம், சில வாரங்களில் இருவருக்கும் சரியாகிவிட்டது. எனக்கு ஒரு மாத்திரைகூட எழுதவில்லை அவள்.

கிறிஸ்துமஸுக்கு நீ ஐஸ்பெட்டியில் கொண்டுபோனது அதே இறைச்சி. மிச்சத்தைத் தூக்கிப் போடு, நாய்க்கும் வைக்காதே. அந்த அயோடின் பரிசோதனையைச் செய்யாமல் கத்தி வைக்க விடாதே. கேட்கக் கூச்சமாயிருந்தால் உன் டாக்டரை ஹாகனோடு பேசச் சொல், அவள் காத்திருக்கிறாள்.

உன்னோடு பேசச் சொன்னால் அப்பா தொழுவத்துக்குப் போய்விடுகிறார். "எம்புள்ளைக்கு எங்கையாலயே வெஷம் வச்சிட்டேன்" என்கிறார். கர்த்தர் உன்னையும் உன் கழுத்தையும் காக்கட்டும். முடிவு தெரிந்ததும் போன் செய். மணி அடித்தால் நான் எடுக்கமாட்டேன், அவர்தான் எடுக்கவேண்டும்.

உன் அம்மா,
லவோன்