காரில் கட்டிய கொடி

அக்டோபர் 14, 2001. ஞாயிறு. கேட்டி, அமெரிக்கா.

கோயிலிலிருந்து திரும்பும்போது, சிக்னலில் பக்கத்து வீட்டு ஜிம் ‘போர் வேண்டாம்’ அட்டையோடு நின்றிருந்தார். பழைய ராணுவக்காரர், வலதுசாரி ரிபப்ளிகன் கட்சிக்காரர். அருகில், எல்லாவற்றிலும் அவரோடு மல்லுக்கட்டும் இடதுசாரிப் பேத்தி. இதில் மட்டும் இருவரும் ஒன்று.

எனக்கும் போர் வேண்டாம். கதவில் கை வைத்தேன்.

“எங்க இறங்கற? கிரீன் கார்டு இன்னும் வரல,” என்றார் காரை ஓட்டிவந்த என் வீட்டுக்காரர்.

“ஒரு நிமிஷம் நின்னுட்டு வரேன்.”

“அவர் நின்னா தேசபக்தி. நீ நின்னா?”

கதவிலிருந்து கையை எடுத்தேன்.

போன மாதம் இரட்டைக் கோபுரங்கள் விழுந்த மறுநாள், அரேபியர் என்று நினைத்து யாரும் எங்களை அடித்துவிடக் கூடாதென்று இவர் காரில் கட்டிய அமெரிக்கக் கொடி படபடத்தது. கையசைக்க வந்த ஜிம், அதைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டார். கொடி கட்டியிருப்பதால் நாங்கள் போர் கேட்கிறோமாம்.

கொடியை அவிழ்க்கவில்லை. நாளைக்கு அதே காரில்தான் வேலைக்குப் போக வேண்டும்.