யாரிடமும் சொல்லாத இருவர்

அக்கா,

இன்று காலை தாதி என் தொண்டையில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்தார். அந்தக் கசப்பு நாக்கில் இறங்கியதும் என்னை அறியாமல் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரோ ஒரு மலாய்க்காரர் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு வருடங்களில் நாம் ஐந்து முறைதான் சந்தித்தோம். எல்லாம் ஜொகூர் பாருவில், இதே ஆஸ்பத்திரி நடைவழியில். தம்போயில் கார் பட்டறை வைத்திருக்கும் நான், நெஞ்செரிச்சலைக் கடை மாத்திரையிலேயே ஓட்டி வந்தவன். உணவுக்குழாயின் உட்தோல் மாறி வருகிறது, இன்னும் புற்றுநோய் ஆகவில்லை, ஆனால் ஆகலாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்களுக்கும் அதே பிரச்சினை.

"கேன்சரான்னு கேட்டா இல்லங்கறாங்க. அப்ப வீட்டுக்குப் போலாமான்னு கேட்டா அதுவும் இல்லங்கறாங்க. நடுவுல மாட்டிக்கிட்டோம் லா, தம்பி" என்று சிரித்தீர்கள்.

தூக்க ஊசி போட்டால் வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும். நாம் இருவருமே ஊசி வேண்டாம் என்றோம். இரண்டு வீட்டிலும் யாருக்கும் தெரியாது. நீங்கள் பள்ளிக் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, பாசிர் கூடாங்கிலிருந்து பஸ் ஏறி வருவீர்கள். உங்கள் கணவர் பக்கவாதத்தில் படுத்திருந்தார்.

"அவரு என் மொகத்தப் பாத்துத்தான் வாயத் தொறக்கறாரு. நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சொல்றது?"

நான் தலையை ஆட்டினேன். சொல்லிவிடுங்கள் என்று என் வாயில் வரவில்லை. உங்களைச் சொல்லச் சொன்னால் நானும் சொல்ல வேண்டியிருக்கும்.

கடைசியாகப் பார்த்தபோது, "இந்தத் தடவ கொஞ்சம் கூடியிருக்காம். மூணு மாசத்துல வரச் சொல்றாங்க" என்றீர்கள். சரி, வாங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதன் பிறகு நான் போன இரண்டு முறையும் உங்களைக் காணோம். உங்களுக்கு வேறு நாள் கொடுத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாவது முறைதான் நீங்கள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். உங்கள் மகள் எடுத்தாள். அம்மாவுக்குத் தெரிந்தவன் என்றேன்.

"அம்மா தவறிட்டாங்க, அங்கிள். சோறு எறங்கலன்னு சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும். அப்பாவப் பாத்துக்க ஆளில்லன்னு அப்பாயின்மென்டுக்கே போகாம இருந்திருக்காங்க. என்கிட்ட சொல்லியிருந்தா நான் லீவு போட்ருப்பேன்." பிறகு கேட்டாள்: "அம்மாவுக்கு நோவு இருந்தது உங்களுக்குத் தெரியுமா, அங்கிள்?"

தெரியாது என்றேன்.

அன்று சாயங்காலமே என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே கீழே வைத்தாள். "இத்தன நாளா என் பக்கத்துல உக்காந்துதானே சாப்ட்டீங்க?" என்று மட்டும் கேட்டாள். அன்றிலிருந்து நான் நெஞ்சைத் தடவினால் போதும், அடுப்பை விட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். சொன்னால் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்தேன், அக்கா. அவளையும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

இன்று அவள்தான் என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் எண்ணை எடுத்தேன். இன்னும் உங்கள் மகள்தான் அந்தப் போனை வைத்திருக்கிறாள். அவளிடம், தெரியும் என்று சொல்ல வேண்டும். இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன்.