திருநீற்றில் விழுந்த கோடு

செனாவாங்,
27.4.1999

அன்புத் தம்பி திருநாவுக்கரசுக்கு அக்காள் வள்ளிநாயகி எழுதிக்கொள்வது.

நீ சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை. உன் மச்சான் சிரம்பான் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறார். மூச்சு விடுவது அவர் இல்லை, மெஷின். முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நிதானமாகப் படி.

உனக்குப் போன் போட்டோம். உன் யுனிவர்சிட்டியில் ஒரு பெண் எடுத்தாள். நீ கல் ஆராய இத்தாலி மலைக்குப் போய்விட்டாயாம், அங்கே போன் கிடையாதாம், கடிதம் வந்தால் யாராவது அந்தப் பக்கம் போகும்போது கொடுத்துவிடுகிறோம் என்றாளாம். பனி உருகினதும் கிளம்புவோம் என்று நீ எழுதியிருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என்ன செய்வது, நீ போன நேரம் அப்படி.

ரப்பர் தோட்டத்தை விற்று நாம் குடியிருந்த லயத்தை இடித்தபின் மச்சான் சீன முதலாளி தவுக்கேயின் பன்றிப் பண்ணைக்கு வேலைக்குப் போனது உனக்குத் தெரியும். பண்ணையிலேயே பலகை வீடும் கொடுத்திருந்தார்கள். இந்த வருஷம் பன்றிகள் நாய் குரைக்கிற மாதிரி இருமி இருமிச் செத்தன. பிறகு ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுவால் வருகிறது என்று சொல்லி ஊசி போட்டார்கள், வீடு வீடாகப் புகை அடித்தார்கள். மச்சான் ஊசியும் போட்டுக்கொண்டார், புகையிலும் நின்றார். ஒரு நாள் வேலையிலிருந்து வந்து தலை வலிக்கிறது என்று படுத்தார். மறுநாள் எங்கள் மகள் சீதையைப் பார்த்து இது யார் பிள்ளை என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்சில்லை. இப்போது கொசு இல்லை, பன்றியிலிருந்து வருகிற ஏதோ புதுக் கிருமி என்கிறார்கள்.

பட்டாளத்துக்காரர்கள் முகத்தை மூடிக்கொண்டு வந்து பன்றிகளையெல்லாம் சுட்டுப் புதைத்தார்கள். தவுக்கே அழுதுகொண்டே மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களுக்குப் போக இடமில்லை. பன்றிப் பண்ணை ஊரிலிருந்து வந்தவள் என்றாலே கதவைச் சாத்துகிறார்கள். கோயிலில்கூட ஒருத்தி என் பக்கத்திலிருந்து பிள்ளையை இழுத்துக்கொண்டாள். லயத்தில் நமக்கு அடுத்த வீட்டிலிருந்ததே பஞ்சாலை என்று ஒரு அக்காள், அதுதான் என்னையும் சீதையையும் செனாவாங் வீட்டில் சேர்த்துக்கொண்டது. மச்சான் கிடக்கிற ஆஸ்பத்திரியிலேயே வார்டு கழுவுகிற வேலை அதற்கு. எனக்குப் பயமில்லையா, இருக்குது, அதுக்காகத் தெருவுலயா விடுறது என்றது. அது நல்லா இருக்கணும்.

போன வாரம் மச்சானின் ஐசி அடையாள அட்டையை எடுக்க அனுமதி கேட்டுப் பண்ணை வீட்டுக்குப் போனேன். தம்பி, அந்த இடத்தை நீ பார்க்க வேண்டாம். காக்காய் இல்லை, நாய் இல்லை. புதைத்த குழிமேல் சுண்ணாம்பைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், கண் கூசுகிறது. நின்ற இடத்திலேயே நின்று உன்னைத்தான் நினைத்தேன்.

பொங்கல் சமயத்தில் நீ எழுதிய நீளக் கடிதம் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன்னால் கடலில் இருந்ததெல்லாம் செத்துப்போய், வெகுகாலம் ஒன்றும் அசையாமல் கிடந்தது என்று எழுதியிருந்தாய். அதற்கு மேல் உள்ள கல்லில் தீக்குச்சி கனத்தில் ஒரு புழு ஊர்ந்த தடத்தைக் கண்டு, நீங்கள் எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்து, சார்டின் டின்னை உடைத்து விருந்து வைத்தீர்களாம். ஒரு புழுவுக்கு இந்தக் கூத்தா என்று மச்சான் கேலி செய்தார். எலும்பு செத்ததைக் காட்டும், தடம் உயிரோடு இருந்ததைக் காட்டும் என்று நீ எழுதியிருந்ததை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அன்றைக்கு வீட்டுக்குப் பின்னால், சுண்ணாம்பு முடிகிற சாக்கடைக் கானோரத்தில், மழை பெய்த சேற்றில் ஒரு மண்புழு போன கோடு கிடந்தது. கொஞ்ச தூரம் போய், வளைந்து, போன தடத்தைத் தொடாமல் அதன் பக்கத்திலேயே திரும்பி வந்திருந்தது. இரை தேடுகிற புழு தன் தடத்தைத் தானே மிதிக்காது என்று நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

தடம் விழ வேண்டுமானால் முதலில் மெத்தென்று மண் வேண்டும் என்றும் நீ எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயில் திருநீற்றை ஒரு தட்டில் மெல்லிசாகப் பரப்பி, பஞ்சாலை அக்காளைக் கெஞ்சி, மச்சானின் வலது கை விரலுக்குக் கீழே வைத்தேன். கொஞ்ச நாளாக அந்தக் கை வெட்டி வெட்டி இழுக்கிறது. அது நோயின் இழுப்பு, அவர் அசைப்பது இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் தட்டில் குத்துக் குத்தாக, ஒரே இடத்தில் சிதறிக் கிடந்தது. மறுநாளும் அப்படித்தான். நேற்றுச் சாயந்திரம் போனபோது ஒரு கோடு இருந்தது, தம்பி. போய், வளைந்து, தொடாமல் திரும்பி வந்த கோடு.

டாக்டர் சின்ன வயது மலாய்ப் பெண், நல்ல குணம். தட்டை ரொம்ப நேரம் பார்த்தார். இழுப்பாகத்தான் இருக்கும் அக்கா, மூளையில் ஒன்றும் மிச்சமில்லை என்று மெதுவாகச் சொன்னார். மெஷினுக்காக வேறு ஆட்கள் காத்திருக்கிறார்களாம். அதை நிறுத்தலாமா என்று வெள்ளிக்கிழமை வீட்டாரின் முடிவைக் கேட்கிறார்கள்.

மச்சானின் அண்ணன் சன்னாசி மாமா விட்டுவிடலாம் என்கிறார். என் தம்பி படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை என்று அவரும் அழுகிறார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கருமாதிக்கு முந்தின நாள் படையல் வைத்து, மாவைப் பரப்பி, செத்தவர் வந்து போன தடம் இருக்கிறதா என்று கதவைத் திறந்து பார்ப்போமே, அதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது.

“உசுரோட இருக்கறவனுக்குப் பரப்பிட்டியே வள்ளி. நீயே அவன அனுப்பிட்ட லா,” என்றார்.

சத்தியமாக எனக்கு அந்த நினைப்பே வரவில்லை. நான் உன் கடிதத்தை நினைத்துத்தான் வைத்தேன். இப்போது சோறு இறங்கவில்லை. நான் கெட்டதை அழைத்துவிட்டேனோ என்று முருகனிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அந்தக் கோட்டைப் பார்த்தபடியே இத்துடன் வேறு தாளில் வரைந்து வைத்திருக்கிறேன். அளவும் அதேதான். கோட்டில் நடுக்கம் தெரிந்தால் அது என் கை நடுக்கம், அவருடையது இல்லை. நீ தடம் பார்க்கப் படித்தவன். இதைப் பார்த்துச் சொல். தானாக இழுத்த கை இப்படித் திரும்பி வருமா? உள்ளே ஒருத்தர் இருந்து வழி தேடினால்தானே இப்படி வளையும்?

இந்தக் கடிதம் உன் கைக்கு வருமுன் வெள்ளிக்கிழமை போய்விடும் என்று எனக்குத் தெரியும். எனக்கு வேறு யார் இருக்கிறார்கள் கேட்க? வெள்ளிக்கிழமை நான் சம்மதிக்க மாட்டேன். என் தம்பியிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்பேன். பைத்தியக்காரி என்று சொன்னால் சொல்லட்டும். டாக்டர் காலில் விழச் சொன்னாலும் விழுவேன். அவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்களோ, அது என் கையில் இல்லை.

அது உயிரோடு இருக்கிறவரின் தடம்தான் என்று எழுதிவிடு தம்பி. அப்படி இல்லாவிட்டாலும் எழுதிவிடு. இதுவரை உன்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. இல்லை, வேண்டாம், பொய் எழுதாதே. நீ கல்லில் என்ன பார்ப்பாயோ அப்படியே பார்த்து எழுது. எழுத ஒன்றுமே இல்லையென்றால், சீதை நன்றாகப் படிக்கிறாளா என்று மட்டும் கேட்டு எழுது. நான் புரிந்துகொள்வேன்.

மலையில் ஈரப் பாறையில் பார்த்துக் கால் வை. வேளைக்குச் சாப்பிடு. முருகன் உன் கூடவே இருக்கட்டும். இன்று காலையில் திருநீற்றைச் சமமாகத் தடவி மறுபடி வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை அவர் விரலுக்குக் கீழேயிருந்து அந்தத் தட்டை எடுக்க மாட்டேன்.

உன் அக்காள்,
வள்ளிநாயகி