எட்டு கிலோவுக்குப் பதில் எவ்வளவு

போபோடி, புனே
12.8.2006

அன்பு மகன் ஜெரோஷுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் அப்பாவும் நானும் சுகம், மஸ்கட் வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று எழுது. மெயிலில் தமிழ் அடிக்க எனக்கு வரவில்லை, அதனால்தான் பேனா, எழுத்துக்கூட்டியாவது படித்துவிடு. இங்கே விடாமல் மழை, அப்பா முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கிறார், நீ விட்டுப்போன கம்ப்யூட்டர் முழுக்க என் வசம்.

ஒர்க்‌ஷாப்பில் ஒரு தப்பு நடந்தது, செய்தது நான். இரும்பைக் கழுவிய கந்தக அமிலத் தண்ணீரைச் சாக்கடையில் விடுமுன் தொட்டிக்கு எட்டு கிலோ காஸ்டிக் சோடா கலப்போம், அது அமிலத்தை முறித்துவிடும். எப்போதும் சரியாக வந்ததால், அமிலம் இருந்தால் சிவக்கும் லிட்மஸ் காகிதத்தை முக்கிப் பார்ப்பதையே விட்டுவிட்டோம். போன மாதம் காஸ்டிக் தீர்ந்து சோடா ஆஷ் மட்டும் இருந்தது, அதுவும் அமிலத்தை முறிக்கும்தானே, அதையே எட்டு கிலோ போடு என்று கூட வேலை பார்க்கும் வைஷாலியிடம் சொன்னேன், போட்டாள். அன்றைக்கென்று தண்ணீரைச் சோதிக்க ஆள் வந்து, அமிலம் மிச்சமிருக்கிறது என்று எழுதிப் போனார். சூப்பர்வைசர் வெங்கடேஸ்வரன் சார், எட்டு போடச் சொன்னா இவ ஆறுதான் போட்டிருக்கா என்று அவளை வேலையை விட்டே அனுப்பிவிட்டார். எட்டு நிறுத்ததை நான் பார்த்தேன் சார் என்றேன், அப்போ மிச்ச அமிலம் எங்கேருந்து வந்துச்சு, உங்க வீட்டு ரசமா என்றார்.

ஞாயிறு கோவில் முடிந்து வந்து நெட்டில் ஒரு கெமிஸ்ட்ரி ஃபோரமில் அதையே கேட்டேன், மோல் கணக்கு போட்டுப் பாருங்கள் என்று யாரோ ஒரே வரி எழுதினார்கள். அதைத் தேடி உட்கார்ந்தவள் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, பத்தாவதோடு விட்டவளுக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே! இதெல்லாம் எடை பார்த்துச் சேருவதில்லையாம், தலை எண்ணிச் சேருமாம். ஒரு கிலோ பாவ் ரொட்டியும் ஒரு கிலோ வடையும் வாங்கினால் ஜோடி சேருமா, ஏதோ ஒன்று மிஞ்சும். துகளைக் கையால் எண்ண முடியாது, ஆனால் டஜன் மாதிரி மோல் என்று ஓர் அளவு உண்டு, எதை எடுத்தாலும் ஒரு மோலில் அதே எண்ணிக்கைதான், காஸ்டிக் என்றால் நாற்பது கிராம், சோடா ஆஷ் என்றால் நூற்றாறு, ஆக தராசே எண்ணிக் கொடுத்துவிடுகிறது. ஒரு மோல் கந்தக அமிலத்துக்குக் காஸ்டிக் இரண்டு மோல், எண்பது கிராம், சோடா ஆஷ் ஒரே மோல் போதும், ஆனால் அது நூற்றாறு கிராம். அப்படியானால் எட்டு கிலோவுக்குப் பதில் பத்து கிலோ அறுநூறு போட்டிருக்க வேண்டும்.

திங்கட்கிழமை அந்தக் கணக்கோடு போய், எடை குறையல சார், கணக்குதான் தப்பு, சொன்னது நான் என்றேன். பாட்டிலில் செஞ்சு காட்டுங்க என்றார், பழைய அளவில் காகிதம் சிவந்தது, புதிய அளவில் சிவக்கவில்லை. வைஷாலியைத் திரும்பக் கூப்பிட்டுத் தொட்டியை அவளிடம் கொடுத்தார், என்னை பேக்கிங்கில் போட்டார், அது நியாயம்தான். மூன்று நாள் டிபனுக்கு அவள் என் பக்கம் உட்காரவில்லை. நேற்று வந்து, தெரியாததை எவ்ளோ தைரியமா சொன்னீங்க தாயி என்றாள். அப்புறம் பெரிய தொட்டிக்கு காஸ்டிக் பன்னிரண்டு கிலோ, சோடா ஆஷ் எவ்ளோ என்று கேட்டாள், நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள், நீங்க சொல்லாதீங்க, வழியை மட்டும் காட்டுங்க என்றாள். அவளே போட்டாள், பதினைந்து கிலோ தொள்ளாயிரம். சரியாக இருந்தது. ஆனாலும் காகிதம் முக்கிப் பார்த்த பிறகுதான் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இருபதாம் தேதி அப்பாவுக்குப் பிறந்தநாள், போன் பண்ண மறக்காதே.

உன் அம்மா,
கிருபாவதி