சரித்திரமாம், சாராயமாம்

லிட்டல்டன் துறைமுகம், நியூசிலாந்து
3.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு இங்கே குளிர் ஒன்றுதான் குறை. கப்பல் கரைக்கு வந்ததும் உன் ஞாபகம்.

ஒரு அதிசயம் கேள். நூறு வருசத்துக்கு முன் தென்துருவம் தேடிப் போன வெள்ளைக்காரர்கள் தங்கிய மரக்குடிசைக்கு அடியில், விஸ்கிப் பெட்டிகள் பனியில் உறைந்து கிடந்தனவாம். கண்டெடுத்து, மெதுவாக உருக்கி, ஊசியால் ரத்தம் எடுக்கிற மாதிரி உறிஞ்சிச் சோதித்தார்களாம். அதே ருசியில் இப்போது காய்ச்சியதை எங்கள் கப்பலில் பயணிகளுக்குக் கொடுக்கிறோம். பரிமாறுகிறவன் உன் தம்பிதான்! டயகமத் தேயிலைத் தோட்டத்துப் பையன் எங்கே வந்து நிற்கிறேன் பார்.

உன் தம்பி
திலக்ஷன்

டயகம
27.12.2024

அன்புத் தம்பிக்கு,

சீ! உலகத்தின் அடிவரைக்கும் போனவனுக்கு எழுத வேறு சங்கதி கிடைக்கவில்லையா? கடிதத்தைப் பிரித்ததுமே எனக்கு நாற்றம் அடித்தது.

அப்பா குடி பழகியது சாராயக் கடையில் இல்லை, உனக்குத் தெரியாது. பங்களாவில் வேலை செய்தபோது, துரைமார் குடித்து மிச்சம் வைத்த கிளாஸ்களைக் குசினியில் வழித்துக் குடித்துத்தான் பழகினார். சிகரெட் சாம்பல் மிதந்தால் விரலால் ஒதுக்கிவிட்டுக் குடிப்பார். பிறகு கசிப்பு, அந்தக் கள்ளச் சாராயம். அவர் சாகும்வரை வாந்தி அள்ளியது என் கை. இன்றைக்கும் சோற்றில் கை வைத்தால் சில நாள் குமட்டும்.

கினிகத்தேனையில் உனக்குப் பெண் பார்த்தபோது தனுஷிகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவங்க குடிப்பாங்களாக்கா?" நான் சொன்னேன், "அவனுக்கு வாடையே ஆகாது தங்கச்சி. என்னைய நம்பு."

மாசியில் பரிசம் போட வேண்டும். நீ அதைத் தொட்டாயா? உண்மையை எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
நாகலெட்சுமி

லிட்டல்டன்
22.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடம் மறைக்க எனக்கு வராது. ஆனால் நீ பயப்படுகிற மாதிரி ஒன்றுமில்லை. போத்தலை நான் தொட்டதே கிடையாது.

பயணிகள் எழுந்து போன பிறகு கிளாஸ்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சம் கிடந்தது. அவ்வளவு பேர் போன சரக்கைத் தொட்டியில் கொட்ட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புகைவாசம், தேன் மாதிரி இறங்கியது. இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் எனக்கென்று சேர்த்து வைக்கிறார்கள். அப்பா கதையை இதோடு முடிச்சுப் போடாதே. இங்கே வருகிறவர்கள் எல்லாம் பெரிய மனுசர், சுத்தமானவர்கள். இது சாராயம் இல்லையக்கா, சரித்திரம்.

தனுஷிகாவிடம் மட்டும் வாயைத் திறக்காதே. கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

உன் தம்பி
திலக்ஷன்

டயகம
17.2.2025

திலக்ஷனுக்கு,

பாதிக் கடிதத்திலேயே எழுந்து தண்ணீர்ப் பீலிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். எவனெவனோ எச்சில் பண்ணி வைத்ததைச் சேர்த்துக் குடித்துவிட்டு, தேன் மாதிரி இருந்ததாம். தூ! ஒருதடவையோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பேன். உனக்கென்று சேர்த்து வேறு வைக்கிறார்களாமே.

நேற்று கினிகத்தேனைக்குப் போனேன். உன் கடிதத்தைத் தனுஷிகாவின் கையிலேயே கொடுத்தேன். இரண்டு தடவை படித்தாள்.

"நீங்க இதைய மறைச்சிருக்கலாமேக்கா. எங்களுக்கு எப்பிடித் தெரியப் போவுது?" என்றாள்.

"மறைச்சா, நான் அள்ளுனதை நாளைக்கு நீ அள்ளணும் தங்கச்சி. இவன் வேணாம், விடு," என்றேன்.

அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பரிசத்துக்கு எடுத்த சேலையை அவளிடமே கொடுத்துவிட்டேன். அதைக் கட்டிக்கொண்டு வேறு எவனையாவது கட்டட்டும்.

உனக்குப் பெண் பார்க்க இனி நான் யார் வீட்டுப் படியும் ஏறமாட்டேன். குடியை விட்ட பிறகு எழுது. அதுவரை நீ நலமா என்று நான் கேட்கப் போவதில்லை.

நாகலெட்சுமி