எங்கள் வயலுக்கு வந்த வாத்துகள்

பிப்ரவரி 3

ஊராட்சி அலுவலகத்தில் பறவைக் காய்ச்சல் விழிப்புணர்வுக் கூட்டம். பேசியது நான், கால்நடை மருத்துவர் மதிவதனி, பதினோரு வருட அனுபவம். கேட்க வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஏழு பேர் டீக்கு வந்தவர்கள்.

வடுவூர் ஏரிக்கு எங்கிருந்தோ பறந்து வரும் பறவைகளில் சில கிருமியைச் சுமந்து வரும். அவை எச்சமிட்ட தண்ணீரில் நம் வாத்து மேயும். வாத்து பல நேரம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோழிக்குக் கொடுத்துவிடும். நோய்கண்டதை அறுத்து உரிப்பவரின் கைக்கும் மூக்குக்கும் அங்கிருந்து அதிக தூரமில்லை. படம் போட்டு விளக்கினேன். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒருவர் எழுந்து, "வாத்துக் கறி சூடா, குளிர்ச்சியா டாக்டரம்மா?" என்றார். வேறு சந்தேகம் யாருக்கும் இல்லை.

பிப்ரவரி 5

மாமனார் துரைராசுவுக்குத் தூக்கம் போய்விட்டது. அறுப்பு முடிந்த எல்லார் வயலிலும் வாத்து இறங்கிவிட்டதாம், துரைராசு வயலில் மட்டும் இல்லையாம். உதிர்ந்த நெல்லையும் நத்தையையும் வாத்து தின்னும், வயலிலேயே பட்டி போட்டு அடைத்தால் எரு கிடைக்கும், வீட்டுக்கு முட்டையும் வரும். "நீ டாக்டரு. நீ ஒரு போன் போட்டா வராமயா போயிருவான்?" என்றார்.

போட்டேன். வாத்து மேய்க்கிற இராஜாங்கத்தின் கூட்டத்துக்குப் போன வருடம் நான்தான் ஊசி போட்டேன், அந்தப் பழக்கம். முந்தாநாள் மைக்கில், "வாத்துக் கூட்டத்தை ஊர் ஊராக ஓட்டாதீர்கள்" என்று முழங்கியவளும் நான்தான்.

பிப்ரவரி 7

வந்துவிட்டன. ஆயிரத்துச் சொச்சம். எங்கே மேய்த்துக்கொண்டு வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை, இராஜாங்கமே சொன்னார்: வடுவூர்ப் பக்கம். அவரும் மனைவி பொன்னுத்தாயும் மேட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். மாமா வரப்பில் நின்று பக்கத்து வயல்காரரைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பிப்ரவரி 10

காலையில் ஒன்பது வாத்து செத்துக் கிடந்தன. நாலைந்து கழுத்தைத் திருகிக்கொண்டு ஒரே இடத்தில் சுற்றுகின்றன. கண்ணில் வெள்ளைப் படலம். இதே படத்தைத்தான் போன வாரம் சுவரில் காட்டினேன்.

"என்னங்க டாக்டரம்மா இது?" என்றார் இராஜாங்கம்.

"வெயில் தாங்கலை போல. தண்ணிய மாத்தி வைங்க."

வெயில்! இன்னும் காலையில் பனிக்கு முக்காடு போட்டுக்கொண்டு அலைகிறோம்.

சந்தேகம் என்று மேலே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஊரைச் சுற்றித் தடை போட்டுவிடுவார்கள். நாளை மறுநாள் எங்கள் வீட்டில் நாத்தனார் தமிழ்நிலாவுக்கு நிச்சயதார்த்தம். மாமாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டே நாளும்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டுப் போயிரட்டும்," என்றார். சரி என்றேன். கிருமியும் நல்ல நாள் பார்த்துக் கிளம்பட்டும்.

பிப்ரவரி 11

இன்று முப்பத்திரண்டு. விழப் போகிற வாத்தை உயிர் போவதற்குள் அறுத்துவிடுவது இவர்கள் வழக்கம். செத்தால் குழிக்கு, அறுத்தால் குழம்புக்கு. பொன்னுத்தாய் காலை நீட்டி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் இறகு.

"கைக்கு உறை போட்டுக்கலாம்ல?"

"எதுக்கும்மா, சின்னப் புள்ளையிலேருந்து உரிக்கிறேன். உங்களுக்குன்னு தனியா கறி எடுத்து வச்சிருக்கேன்."

அவ்வளவுதான் பேச்சு. பூ கட்டுகிறவர் வரவில்லை என்று வீட்டிலிருந்து போன், ஓடிவந்துவிட்டேன்.

ஏன்டி மதிவதனி, ஏன்டி சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த? "தொடாதே"ன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை—

பிப்ரவரி 12

நிச்சயம் சிறப்பாக நடந்தது. கேசரியில் முந்திரி குறைவு என்பது மட்டும்தான் சம்பந்தி வீட்டுக் குறை. அவர்கள் வண்டி கிளம்பியதும் பட்டுப்புடவையை அவிழ்த்துவிட்டுப் போய் மாதிரி எடுத்தேன், மேலே சொன்னேன். படிவத்தில் 'அறிகுறி முதலில் கண்ட நாள்' என்று ஒரு கட்டம். இன்றைய தேதியை எழுதினேன். பதினோரு வருட அனுபவம்.

பிப்ரவரி 16

போபால் ஆய்வகத்திலிருந்து முடிவு வந்தது. பறவைக் காய்ச்சல்தான். வெள்ளை உடுப்பு மாட்டியவர்கள் வந்து வாத்துகளையும் ஊரின் கோழிகளையும் கொன்று குழியில் போட்டு மூடினார்கள். "நான்தாம்மா ஓட்டிட்டு வந்தேன்," என்று இராஜாங்கம் சொல்லிக்கொண்டே நின்றார். யார் கூப்பிட்டு வந்தார் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பொன்னுத்தாயைக் காணோமே என்று தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது. உடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

பிப்ரவரி 20

புனே ஆய்வகத்திலிருந்து முடிவு. அவளுக்கும் அதேதான். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். ஒருவருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை.

பிப்ரவரி 21

அவ செத்துடக் கூடாது. அவ செத்தா நான்தான் கொன்னேன். வேற யாரும் இல்ல.

மார்ச் 9

பிழைத்துவிட்டாள். பத்தடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. பேராவூரணியில் தம்பி வீட்டில் இருக்கப் போகிறார்களாம். அங்கே தென்னந்தோப்பில் இராஜாங்கத்துக்குக் காவல் வேலை.

ஆகஸ்ட் 15

சுதந்திர தின விழாவில் கலெக்டர் கையால் நற்சான்றிதழ். 'நோய் அறிகுறியைக் கண்ட அன்றே நடவடிக்கை எடுத்துப் பரவாமல் தடுத்தமைக்காக.' எல்லோரும் கைதட்டினார்கள். மாமா அதைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டவேண்டும் என்கிறார். எந்தச் சுவரில் என்பதில் மட்டும்தான் குழப்பம்.

மத்தியானம் இராஜாங்கத்தின் போன். யாரோ வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார்களாம். "ரொம்ப சந்தோசங்க டாக்டரம்மா. இவ பேசணுங்குறா."

பொன்னுத்தாய் நாலு வார்த்தைக்கு ஒரு முறை நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "அன்னிக்கு நீங்க மட்டும் தார்ப்பாய விலக்கிப் பாக்கலைன்னா... நான் இல்லம்மா. உங்களுக்குக் குடுக்காம... வேற யாருக்குக் குடுப்பாங்க?"

அதற்குமேல் கேட்க முடியவில்லை. சொன்னேன். "மொத நாளே எனக்குத் தெரிஞ்சுபோச்சு பொன்னுத்தாயி. வெயில்னு சொன்னது பொய். வீட்ல விசேஷம்னு ரெண்டு நாள் மறைச்சேன்."

மூச்சு வாங்கினாள்.

"அந்த ரெண்டு நாள்தாம்மா நான் உரிச்சேன்," என்றாள்.