உன் தலையில் நான் போட்ட பழி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நான், உன் அம்மா, சின்னவள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, அந்த ஊர்க் குளிருக்கு நன்றாகப் போர்த்திக்கொண்டு, ஆபீசில் யார் வம்புக்கும் போகாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். கைக்குள் போன் இருக்கும்போது அப்பாவுக்கு எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் பரவால்லப்பா விடுங்க என்று நீ சொல்லிவிடுவாய், அதுதான் சாக்கு என்று நானும் மழுப்பிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துவிட்டுத் திட்டு.

அம்மா புதுக் கண்ணாடி போட்டாயிற்று, ஆனால் பழையபடி அதற்கு மேலேதான் எட்டிப் பார்க்கிறாள். குளியலறைக் குழாய் ஒழுகுவது ஒருவழியாக நின்றது, இப்போது தண்ணீரே வருவதில்லை. டிரைவிங் ஸ்கூலில் ஒரு பல் டாக்டர் என்னிடம் கற்றுக்கொள்ளச் சேர்ந்திருக்கிறார், ஊரார் வாயையெல்லாம் திறக்க வைக்கிற மனுஷன், ஸ்டீயரிங்கைப் பிடித்தால் தன் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறார், வண்டி தானாகப் போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல. வேறு என்ன. வேறு ஒன்றும் இல்லை என்று முடித்துவிட ஆசையாகத்தான் இருக்கிறது. சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். விஷயத்துக்கு வருகிறேன் அம்மாடி. இந்த ஒரு மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் உன்னோடு பேசவில்லையே, நெட் வேலை செய்யவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, நெட் நன்றாகத்தான் இருக்கிறது. பேச விடாதது நான்தான்.

அவள் பள்ளியில் பிள்ளைகளைக் கடிப்பதும், பென்சில் டப்பாவை விட்டெறிவதும், பெஞ்சுக்கு அடியில் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். கட்டெறும்பு என்று நீ ஆசையாக வைத்த பேரை இப்போது கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை. கவுன்சிலிங் போகிறாள் என்றும் அம்மா சொல்லியிருப்பாள். கவுன்சிலரைப் பார்க்கணும் என்று அம்மா முதலில் சொன்னபோது தெருவிளக்கு எரியாததற்கு மனு கொடுக்கப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். விவரம் தெரிந்ததும் எனக்கு மானம் போனமாதிரி ஆகிவிட்டது. கேட்டவர்களிடம் எல்லாம் டிராயிங் கிளாஸ் போகிறாள் என்றேன். ஒருநாள் அங்கே காத்திருக்கும் அறையில், என்னிடம் வண்டி கற்றுக்கொண்ட ஒருத்தர் தன் மகனோடு உட்கார்ந்திருந்தார். நானும் அவரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி சுவரில் இருந்த மீன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம், அந்த மீனுக்கே கூச்சமாக இருந்திருக்கும்.

அந்தக் கவுன்சிலர் அம்மா உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார், அவ்வளவுதான். முதல் நாளே கேட்டார், வீட்டுல யாராவது சத்தம் போடுவாங்களா, சமீபத்துல ஏதாவது நடந்துச்சா என்று. எங்கள் வீடு ரொம்ப அமைதியான வீடு மேடம் என்றேன். உன் அம்மா கைப்பையின் ஜிப்பை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எப்ப இருந்து இப்படி என்றதற்கு, அவ அக்கா வேலைக்கு வெளியூர் போனதுல இருந்துதான் என்றேன். நாள் கணக்குப் பார்த்தால் அது பொய் இல்லை. நீ இருந்தவரை நான் அவளிடம் கத்த ஆரம்பித்தால் உள் அறையிலிருந்து போதும்ப்பா என்று உன் குரல் வரும், நானும் நின்றுவிடுவேன். கற்றுக்கொள்கிறவன் தப்பாகப் போனால் மிதிப்பதற்கு என் பக்கத்திலும் ஒரு பிரேக் வைத்த வண்டியில் காலமெல்லாம் உட்கார்ந்தவன் நான், வீட்டில் எனக்கான பிரேக் உன் காலடியில் இருந்தது என்பது நீ போன பிறகுதான் தெரிந்தது. இதை உன் குற்றமாகச் சொல்லவில்லை. அப்பனை அடக்குவது பெற்ற பெண்ணின் வேலை இல்லை.

அங்கே செய்கிற வைத்தியம் வேடிக்கையானது. மருந்து மாத்திரை கிடையாது. தரையில் பாய், கொஞ்சம் கட்டைகள், ஒரு சுவரில் பெரிய கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கவுன்சிலர் எங்களைப் பார்ப்பார், என் காதில் ஒரு சின்னக் கருவியை மாட்டிவிட்டு அது வழியாகப் பேசுவார். நான் சின்னவளோடு விளையாட வேண்டும், ஆனால் அவளை எதுவும் கேட்கக் கூடாது, இதைச் செய் அதைச் செய் என்று சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது, அவள் செய்வதைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தால் போதும். எனக்கு வந்த சோதனையைப் பார். வாயைத் திறந்தால் காதுக்குள் சார் அது கேள்வி, சார் அது உத்தரவு, சார் பாப்பா இஷ்டத்துக்கு விடுங்க என்று வந்துகொண்டே இருக்கும். நீ இப்போ சிவப்புக் கட்டையை நீலக் கட்டை மேல வைக்கிற என்று நான் ரேடியோ வர்ணனை மாதிரி சொன்னபோது, அப்பாவுக்குக் காய்ச்சலோ என்று அவள் என்னைப் பார்த்தாள். போகப்போக அது அவளுக்குப் பிடித்துவிட்டது, இன்னும் சொல்லுங்கப்பா என்பாள். எனக்கும் பிடித்தது, அதை மறைப்பானேன்.

அப்படி ஒருநாள் காதுக்குள் கவுன்சிலர் சொன்னார், சார் தண்ணி குடிச்சிட்டு வர்றேன்னு பாப்பாகிட்ட சொல்லிட்டுக் கொஞ்சம் வெளியே போங்க, தனியா எப்படி விளையாடுறாங்கன்னு பார்ப்போம் என்று. நானும் சொல்லிவிட்டு எழுந்தேன். அது ஸ்பிரிங் வைத்த கதவு, தானாகச் சாத்திக்கொள்ளும். நான் வாசலைத் தாண்டவில்லை, அவள் ஓடி வந்து இரண்டு கையாலும் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். கதவைச் சாத்தாதீங்கப்பா, நான் ஸாரி சொல்றேன், இப்பவே சொல்றேன் என்று அலறினாள். எந்தத் தப்பும் செய்யாத பிள்ளை ஸாரி ஸாரி என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. பயத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய், கவுன் எல்லாம் நனைந்துவிட்டது. காதுக்குள் மெதுவாக, சார் உள்ளேயே இருங்க, அவங்க பக்கத்துல உட்காருங்க என்று வந்தது.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நீ போன அடுத்த மாதம் ஒரு சாயங்காலம், அம்மா வேலையிலிருந்து வரவில்லை, சின்னவள் என் ஷூவுக்குள் தண்ணீர் ஊற்றிவைத்தாள். ஸாரி சொல்லு என்றால் சொல்லவில்லை. சொல்ற வரைக்கும் வெளியே நில்லு என்று மாடிப்படியில் விட்டுக் கதவைத் தாழ் போட்டேன். அந்த நேரம் பார்த்து, லைசென்ஸ் டெஸ்டில் ஃபெயிலான ஒரு பையன் போனில் அழுதான். பால்கனிக்குப் போய் நின்று அவனுக்குத் தேறுதல் சொன்னேன், தம்பி இதெல்லாம் ஒரு விஷயமா என்று அத்தனை பொறுமையாக. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், என் பிள்ளை பல்பு எரியாத படிக்கட்டில் நின்று கதவுக்கு வெளியே ஸாரி சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் கேட்கவில்லை, பின்னால் அவள் சொல்லித்தான் தெரியும். அதைவிட, அவளை வெளியே விட்டதே எனக்கு மறந்துபோயிற்று. எதிர் வீட்டு நர்ஸம்மா வேலை முடிந்து வந்து, எங்கள் மணியை அடித்து, அவள் கையைப் பிடித்து என் கையில் கொடுத்தார். இன்றைக்கும் படியில் பார்த்தால் உன் அம்மாவிடம் மட்டும்தான் சிரிப்பார். அடுத்த வாரம் பள்ளியிலிருந்து முதல் புகார் வந்தது.

இது தெரிந்துகொண்டேதான் அந்த அமைதியான வீட்டுக் கதையை அளந்தேன். இனிமேல்தான் உன்னிடம் சொல்லக் கூசுகிற பகுதி. அன்றைக்கு அவளைத் துடைத்து வேறு உடுப்பு மாற்றிய பிறகு கவுன்சிலர் என்னைத் தனியே அழைத்து, எப்பவாவது பாப்பாவை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினது உண்டா சார், யாரையும் குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல என்று பதவிசாகக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அவ அக்கா ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒருதரம் விளையாட்டா வெளியே விட்டுச் சாத்திட்டா மேடம் என்றேன். அம்மாடி, யோசித்துச் சொல்லவில்லை, தயாராக இருந்தது மாதிரி வந்தது. சின்னவள் கைக்குழந்தையாக இருந்தபோது தோளில் போட்டுக்கொண்டே பரீட்சைக்குப் படித்தவள் நீ, உன் தலையில் போட்டேன். கவுன்சிலர் காத்திருக்கும் அறைக்கு வந்து சின்னவள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, அக்காவா கண்ணு கதவைச் சாத்தினாங்க என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள். எட்டு வயதுப் பிள்ளை அப்பனைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொன்னது, அந்த அப்பனாகிய நான் மீன் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்கா கூடப் பேசறப்போ கொஞ்ச நாளைக்கு நீங்க யாராவது பக்கத்துல இருங்க என்றுதான் அவர் சொன்னார். பேச்சையே நிறுத்தியது நான், உன்னிடம் எதையாவது உளறிவிடுவாளோ என்ற பயத்தில். கவுன்சிலர் சொல்லிட்டாங்க என்று அம்மாவையும் நம்ப வைத்தேன். அதன் பிறகு அங்கே நடந்த வைத்தியம் எல்லாம் உன் மேல் அவளுக்கு இருக்கிற கோபத்தை ஆற்றுவதற்காக. கோபம் இருந்தால்தானே ஆறும். அக்காவை வரையச் சொன்னால் பென்சிலை உடைத்தாள். பள்ளியில் மட்டும், இப்போ யாரையும் கடிக்கிறதில்ல சார் என்று சந்தோஷப்பட்டார்கள், நானும் மிட்டாய் வாங்கிக்கொடுத்தேன். போன வாரம் அவள் கை கழுவும்போது சட்டைக் கையை ஏற்றிவிட்டேன், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பல் தடம். எல்லாம் அவள் பல்தான்.

அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அவள் உடனே உனக்குப் போன் போட எடுத்தாள், நானே சொல்கிறேன் என்று கெஞ்சி நிறுத்தினேன். இன்றுவரை என்னோடு சரியாகப் பேச்சு இல்லை, சாப்பாட்டுத் தட்டு மட்டும் வருகிறது. நேற்று கவுன்சிலரிடம் போய் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாப்பாகிட்ட நீங்களே சொல்லணும் சார், நான் கூட இருக்கேன் என்றார். காதில் எதையும் மாட்டவில்லை. கட்டை அடுக்கிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் உட்கார்ந்து, அக்கா கதவைச் சாத்தல, நான்தான் சாத்தினேன், நீ ஸாரி சொன்னது எனக்குக் கேக்கல, அக்கா மேல பொய் சொன்னதும் நான்தான், தப்பு எல்லாம் என்னோடது என்றேன். அவள் திரும்பவில்லை. அடுக்கிக்கொண்டே கேட்டாள், அப்போ நானும் அக்கா மேல பொய் சொன்னேன்ல, அதுக்கு என்னை வெளியே நிக்க வைப்பீங்களாப்பா என்று.

மாட்டேன் என்றேன், இனி எப்பவும் மாட்டேன் என்றேன். நம்பினாளா என்று தெரியாது. நம்ப நாள் ஆகும் சார் என்கிறார் கவுன்சிலர், நீங்களும் வாரத்துல ஒருநாள் தனியா வாங்க என்று எனக்கும் சேர்த்துச் சீட்டு எழுதியிருக்கிறார். போகிறேன். இனிமேல் டிராயிங் கிளாஸ் என்று சொல்லப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவள் உன்னோடு பேசுவாள். நான் வீட்டில் இருக்கமாட்டேன், பல் டாக்டருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்னைப் பற்றி உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை ஒளிக்காமல் எழுது, பரவால்லப்பா மட்டும் வேண்டாம். ராத்திரி ஜன்னல் கொக்கியைப் போட்டுவிட்டுத் தூங்கு, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. ஆசி சொல்ல இன்றைக்கு எனக்கு வாய் கூசுகிறது, இருந்தாலும் பெற்றவன் மனசு சும்மா இருக்காது, நீ நூறு வயது குறைவில்லாமல் நன்றாக இரு தாயே. ஒன்று மட்டும் மறந்துவிடாதே. போனை எடுத்ததும் அவள் ஸாரி என்று ஆரம்பிப்பாள். முடிக்க விடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா